தனித்து வாழ்வோர்க்கு வாடகை இல்லம்



தூத்துக்குடியின் வடபால் கடலை ஒட்டி அமைந்தது திரேஸ்புரம். நாட்டுப்படகுகள் கரை சேரும் வேளையில் அங்கு எவரும் தனியராகத் தோன்றுவதில்லை. வலையிலிருந்து மீனைப் பிரிப்போர், ஏலம் கூறுவோர், கூடை சுமக்கும் பெண்டிர் எனக் கரை நிறைந்திருக்கும். வெயில் ஏறிக் கூட்டம் கலைந்தபின்னரே ஒண்டிக்கட்டை யார் என்பது புலப்படும். கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்த மீன்காரப் பெண், மூழ்கும் வலுக் குன்றிய முதிய சங்குகுளிப்பவர், துறைமுகப் பணி தேடி வெளியூரிலிருந்து வந்த இளைஞர் ஆகியோர் வாடகை வீடு கேட்டுச் சென்றால், எதிர்கொள்ளும் முதல் வினா “குடும்பமா, தனி ஆளா?” என்பதே. வாடகைப் பேச்சு அதற்குப் பின்னரே எழும். பெரும்பாலும் எழுவதே இல்லை.

முத்துக் குளிப்பவன் தன் கயிற்றை மைத்துனன் கையில் ஒப்படைத்துவிட்டே கடலுள் இறங்குவான் என்பர். உடன்பிறந்தாள் கைம்பெண் ஆகிவிடக் கூடாதே என்று அவன் கயிற்றை நழுவ விடமாட்டான் என்பது கரையோரத்தார் கண்ட கணக்கு. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. எனினும் கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு வீட்டு வாயிலில் இன்றும் நிற்கிறது. பிணை சொல்ல ஓர் உறவினர் இல்லாதவருக்குக் கதவு திறப்பதில்லை.

அடுத்த தடை முன்பணம். மாத வாடகை 3,000 ரூபாய் எனக் கொண்டால், வழக்கப்படி பத்து மாத முன்பணம் 30,000 ரூபாய். அன்றாடம் ஈட்டி அன்றாடம் உண்பவர் அத்தொகையை ஒருங்கே காண்பது அரிது. கண்டால் அது பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணமாகவே இருக்கும். 2017-ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மும்மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்கிறது. ஆனால் “வேறுவகையாக உடன்பட்டாலன்றி” என்னும் பொருள்பட ஒரு தொடரும் உடன் நிற்கிறது. வீடின்றி அலைபவர் எதற்குத்தான் உடன்படமாட்டார்? அந்தச் சிறு தொடரின் வழியே பழைய பத்து மாதம் மீண்டும் உள்ளே நுழைந்துவிடுகிறது.

அரசு வாளாவிருக்கவில்லை. திருப்பெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024-இல் திறக்கப்பெற்றது. பணிபுரியும் மகளிர்க்கெனத் ‘தோழி’ விடுதிகளும் நகரங்கள் சிலவற்றில் உள்ளன. போற்றத்தக்க பணிகளே. எனினும் வல்லத்தில் அறைக்கு ஆறு பேர். விடுதி படுக்கை தரும், அடுப்பு தராது. பொழுது சாயுமுன் உண்ணும் நெறியுடைய சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் வெளியூர் விடுதிகளில் படும் பாட்டை இங்குள்ள தாய்மார்கள் நன்கறிவர். வேலையை விட்டு ஓய்ந்த முதியவருக்கோ பணியாளர் விடுதியில் இடமே இல்லை.

தனித்து வாழ்வோர்க்கு உறைவிடம் அமைத்தல் வணிகர்க்குப் புதிய செயலன்று. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் துறவியர்க்கான கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டுகளில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர் ஆகியோரின் பெயர்கள் காணப்படுகின்றன. உப்பு விற்ற கை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வறத்தில் பங்கு கொண்டது என்பதை உப்பளங்கள் சூழ்ந்த தூத்துக்குடியில் நினைவுகூர்தல் தகும்.

செருமனி நாட்டு ஆக்ஸ்பர்க் நகரில் யாகோப் ஃபுகர் என்னும் பெருவணிகர் 1521-இல் நிறுவிய குடியிருப்பு இன்றும் இயங்குகிறது. ஏறத்தாழ 150 பேர் அங்கு வாழ்கின்றனர். ஆண்டு வாடகை அன்று ஒரு கில்டர் நாணயம். இன்றும் அதே மதிப்பு, ஒரு யூரோவுக்கும் குறைவு. பராமரிப்புச் செலவுக்கு அறக்கட்டளையின் காடுகள் வருவாய் தருகின்றன. பெயரளவுக்கேனும் வாடகை ஏன் என வினவலாம். வாடகை தருபவர் குடியிருப்பவர், தராதவர் தங்கவைக்கப்பட்டவர். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு முதுமையில் நன்கு உறைக்கும். ஒவ்வொரு வீட்டிற்கும் தெருவை நோக்கித் தனிக் கதவு உண்டு. இருளில் தம் வீட்டைத் தடவி அறியும்பொருட்டு அழைப்புமணிக் கைப்பிடிகளைக்கூட வெவ்வேறு வடிவில் அமைத்தனராம்!

திரேஸ்புரத்தில் ஓர் அறக்கட்டளை பத்து வீடுகள் எழுப்ப முன்வந்தால் போதும். ஓர் அறை, ஓர் அடுப்படி, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, தனிக் கதவு, முதியோர்க்குத் தரைத்தளம். கடலும் உப்பளமும் மாதச் சம்பளம் தருவனவல்ல. ஆதலின் வாடகையை வாரந்தோறும் பெறலாம். முன்பணம் ஒரு மாதத்துக்கு மிகாதிருத்தல் நன்று. ஒப்பந்தத்தை எழுத்தில் வடித்து முறையாகப் பதிவு செய்தல் வேண்டும்.

வீட்டு உரிமையாளர் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் ஒன்றுண்டு: தனித்திருக்கும் முதியவர் பூட்டிய கதவுக்குள் இறந்துகிடந்தால் என் செய்வது? அவ்வச்சத்தைக் கொடுமை எனத் தள்ளுதல் முறையன்று. ஒற்றை வீட்டை நம்பி வாழும் உரிமையாளருக்கு அது பெருஞ்சுமையே. அறக்கட்டளைக்கு அதனைத் தாங்கும் தோள் உண்டு. மாற்றுச் சாவி ஒன்று காப்பாளரிடம் இருக்கட்டும். காலையில் கதவு திறவாதிருந்தால் அவர் தட்டிப் பார்க்கட்டும். நோயுற்றால் யாரை அழைப்பது, மறைந்தால் யார் வருவார் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஓர் இடம் விடப்பட வேண்டும். சொல்ல ஒரு பெயரும் இல்லாதவர்க்கு அவ்விடத்தில் அறக்கட்டளையின் பெயரை எழுதிவிடலாம்.