புளோரிடா மாநிலமும் 537 வாக்குகளும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலும் நிறைந்த மாலைப்பொழுது. அவற்றினிடையே தேர்தலைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், தேர்தல் வரும்போதெல்லாம் நம் குடியிருப்பில் காதில் விழும் ஒரு பேச்சே இப்பொருளை எடுத்துக்கொள்ளத் தூண்டிற்று. "நாம் பிழைக்க வந்தவர்கள், இவ்வூர்த் தேர்தலில் நமக்கென்ன இருக்கிறது? சொந்த ஊர்ப் பட்டியலிலோ நம் பெயர் இருக்கிறதோ இல்லையோ! ஒரு வாக்கால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்பதே அப்பேச்சு. இதற்கு விடையாக, கடலுக்கப்பால் ஒரு மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் நடந்த வரலாற்றை இந்த அவைமுன் வைக்க விரும்புகின்றோம்.

அமெரிக்காவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதாகவே நம்மில் பலர் நினைக்கின்றோம். உண்மை அதுவன்று. மக்கள் அளிக்கும் வாக்கு, தேர்வாளர்கள் எனப்படுவோரைத் தேர்ந்தெடுக்கின்றது; அவர்களே தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர். வெற்றிக்கு 270 பேர் வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஈடான தேர்வாளர்கள் உண்டு. மெயின், நெப்ராஸ்கா என்னும் இரு மாநிலங்கள் நீங்கலாக மற்ற மாநிலங்களில், ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவர்க்கும் அம்மாநிலத்துத் தேர்வாளர் அனைவரும் உரியவராவர். ஆகவே நாடு முழுவதும் குறைந்த வாக்குப் பெற்றவர்கூட மாநிலக் கணக்கில் வென்று தலைவராதல் கூடும்.

2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நடந்த தேர்தலில், அப்போது துணைத் தலைவராயிருந்த ஆல் கோர் ஜனநாயகக் கட்சியின் சார்பிலும், டெக்சாஸ் மாநில ஆளுநராயிருந்த ஜார்ஜ் புஷ் குடியரசுக் கட்சியின் சார்பிலும் நின்றனர். நாடு முழுவதும் எண்ணியபோது கோர் ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றிருந்தார். மாநிலக் கணக்கோ வேறாயிருந்தது. புளோரிடாவை ஒதுக்கிவிட்டு மற்ற இடங்களைக் கூட்டினால் கோருக்கு 267, புஷ்ஷுக்கு 246. புளோரிடாவுக்கு அன்றிருந்த தேர்வாளர் 25 பேர். அந்த 25 யாருக்கோ, நாடு அவருக்கு.

அன்றிரவு நடந்தது ஒரு நாடகமே எனலாம். மாநிலத்தின் மேற்குக் கோடி ஒரு மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்தை உடையது. அங்கே மக்கள் இன்னும் வாக்களித்துக் கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சி நிலையங்கள் புளோரிடா கோருக்கே என்று அறிவித்தன. சில மணி நேரத்தில் அதை மீட்டுக்கொண்டன. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குமேல், புஷ் வென்றார் என்று அறிவித்தன. கோர் தொலைபேசியில் புஷ்ஷை அழைத்து வாழ்த்துக் கூறினார். தோல்வியை ஒப்பி உரையாற்றப் புறப்பட்டவருக்கு, வேறுபாடு நொடிக்கு நொடி குறைந்து வருவதாகச் செய்தி வந்தது. மீண்டும் அழைத்துத் தம் சொல்லை மீட்டுக்கொண்டார். பொழுது விடிந்தபோது அந்நாட்டுக்கு அடுத்த தலைவர் யாரென ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் எண்ணிக்கையில் புஷ் 1,784 வாக்குகள் முன்னிலையில் நின்றார். பதிவான வாக்குகளோ ஏறக்குறைய அறுபது லட்சம். வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்குக்கு உட்பட்டிருந்தால் மீண்டும் எண்ணவேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். அவ்வாறே 67 மாவட்டங்களின் கணக்கும் மீண்டும் பார்க்கப்பட்டது. வேறுபாடு 300 வாக்குகளாகச் சுருங்கிற்று.

இவ்வளவு நுண்ணிய நிலை வந்தபோதுதான், அதுவரை யாரும் பொருட்படுத்தாதிருந்த சிறு குறைகள் மலைபோல் எழுந்தன.

முதற்குறை வாக்குச் சீட்டிலேயே இருந்தது. பல மாவட்டங்களில் வாக்காளர் ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு வாக்களித்தனர். துளையிட்ட இடத்தின் காகிதத் துணுக்கு முழுதும் விழுந்துவிட்டால் இயந்திரம் வாக்கைக் கணக்கிலெடுக்கும். சில அட்டைகளில் துணுக்கு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு தொங்கிற்று. சிலவற்றில் வெறும் குழி மட்டுமே விழுந்திருந்தது. அவற்றை இயந்திரம் ஒதுக்கிற்று. பாம் பீச் என்னும் மாவட்டத்தில், முதியோர் எளிதில் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கி, வேட்பாளர் பெயர்களை இரு பக்கங்களில் அச்சிட்டு, துளைகளை நடுவில் ஒரே வரிசையாக வைத்தனர். நல்லெண்ணத்தால் செய்த அந்த மாறுதல் பலரைக் குழப்பிற்று. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்த கோருக்கு உரியது மூன்றாம் துளை. இரண்டாம் துளையோ வலப்பக்கத்தில் இருந்த புக்கானன் என்னும் வேறொரு வேட்பாளருக்கு உரியது. அவருக்கு அங்கே 3,400க்கு மேல் வாக்குகள் விழுந்தன. அவற்றுள் பல தமக்கென இடப்பட்டவை அல்ல என்பதை அவரே ஒப்பினார். இரு துளைகளிட்டுச் செல்லாமற்போன சீட்டுகள் அம்மாவட்டத்தில் மட்டும் பத்தொன்பதாயிரத்துக்கு மேல். மாநிலம் முழுவதும் தலைவர் பதவிக்கெனக் கணக்கில் ஏறாத சீட்டுகள் ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் அளவில் இருந்தன.

இரண்டாவது குறை வாக்காளர் பட்டியலில் இருந்தது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் வாக்குரிமை இழப்பர் என்பது அங்கே அன்றிருந்த விதி. அவர்களை நீக்குவதற்கென்று தயாரித்த பட்டியலில், பெயர் ஒத்திருந்த ஒரே காரணத்தால் குற்றமேதும் செய்யாதார் சிலரும் சேர்ந்துவிட்டனர். அவர்களுள் கறுப்பின மக்கள் மிகுதி. காலையில் சாவடிக்குச் சென்று வரிசையில் நின்று, தம் முறை வந்தபோது "உம் பெயர் இல்லை" என்ற விடையைப் பெற்றுத் திரும்பினார்கள். துளை சரியாக விழாதவர்க்காக வழக்காடுவதற்காவது ஓர் அட்டை இருந்தது. பெயரே இல்லாதவர்க்கு எண்ணுவதற்கும் ஒன்றுமில்லை, வழக்காடுவதற்கும் ஒன்றுமில்லை.

மூன்றாவது குறை தேர்தலை நடத்துவோரைப் பற்றியது. நம் அரசியலமைப்பின் 324ஆம் விதி, நாடு முழுவதற்கும் ஒரே தேர்தல் ஆணையத்தை ஏற்படுத்தியுள்ளது. அங்கே தலைவர் தேர்தலையும் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி நடத்துகின்றது. புளோரிடாவில் அன்று சீட்டின் வடிவைக்கூட மாவட்டமே முடிவு செய்தது. அன்று புளோரிடாவின் ஆளுநர், வேட்பாளர் புஷ்ஷின் உடன்பிறந்த தம்பி. முடிவைச் சான்றளிக்கும் மாநிலச் செயலாளர், புஷ்ஷின் தேர்தற் பணிக்கு அம்மாநிலத்தில் இணைத்தலைவர். மாநில அரசு வழக்கறிஞரோ கோரின் தேர்தற் பணிக்குத் தலைவர். அவர்கள் நேர்மையாகவே நடந்திருந்தாலும், மக்கள் ஐயுறாமல் இருப்பது எங்ஙனம்?

இனி, ஊர்விட்டு வந்த நமக்கு மிக நெருங்கிய ஒரு செய்தி. புளோரிடாவைச் சேர்ந்த படைவீரர்களும், பிற நாடுகளில் வாழ்ந்த அம்மாநிலத்தாரும் அஞ்சல் வழியே வாக்களித்திருந்தனர். அவ்வாக்குகள் தேர்தல் நாளுக்குப் பின் பத்து நாள் வரை வந்து சேரலாம் என்பது அங்குள்ள ஏற்பாடு. நவம்பர் 18ஆம் நாள் அவற்றைக் கூட்டியபோது புஷ்ஷின் முன்னிலை 300இலிருந்து 930ஆக உயர்ந்தது. அஞ்சல் முத்திரை இல்லாத உறைகளை ஏற்பதா, தள்ளுவதா என்று இரு தரப்பும் வாதாடின. பிறகு சில மாவட்டங்களில் கையால் எண்ணியதில் கோருக்குச் சில நூறு வாக்குகள் ஏறின. நவம்பர் 26ஆம் நாள் சான்றளித்த முடிவு இது: புஷ் 29,12,790, கோர் 29,12,253. வேறுபாடு 537.

இக்கணக்கைச் சற்றே உற்று நோக்குவோம். வெளிநாட்டிலிருந்து வந்த வாக்குகளால் புஷ்ஷுக்குக் கிடைத்த ஏற்றம் 630. அவர் வென்ற வேறுபாடோ 537. ஊரிலில்லாதவர்கள், அவ்வூரார் மறந்துவிடக்கூடிய தொலைவில் வாழ்ந்தவர்கள், உறையில் வைத்து அனுப்பிய அந்தச் சில வாக்குகள் இல்லாதிருப்பின் சான்றளித்த கணக்கே மாறியிருக்கும். பிழைக்கப் போனவருக்கு வாக்கு எதற்கு என்று அவர்கள் எண்ணவில்லை.

வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. டிசம்பர் 8ஆம் நாள், இயந்திரம் வாக்கைக் காணாது ஒதுக்கிய சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ணுமாறு புளோரிடா உச்சநீதிமன்றம் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் ஆணையிட்டது. மறுநாளே நாட்டின் உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. டிசம்பர் 12ஆம் நாள் இரவு, ஐவருக்கு நால்வர் என்ற நிலையில் எண்ணிக்கை முடிவுற்றது. மறுநாள் கோர் தம் தோல்வியை ஏற்றார். தீர்ப்பில் தமக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அதற்குக் கட்டுப்படுவதாக மக்கள்முன் கூறினார்.

2001ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், தேர்வாளர் வாக்குகளை எண்ண நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடின. துணைத் தலைவர் என்ற முறையில் அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கோரே. புளோரிடா வாக்குகளை ஏற்கலாகாது என்று கீழவை உறுப்பினர் பலர் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். மேலவை உறுப்பினர் ஒருவரின் கையொப்பமும் இருந்தாலன்றி மறுப்பை ஏற்பதற்கில்லை என்பது அன்றிருந்த சட்டம். அவ்வாறு கையொப்பமிட எவரும் முன்வரவில்லை. தமக்காகவே எழுப்பிய அம்மறுப்புகளைக் கோர் தம் வாயாலேயே தள்ளினார். தம் போட்டியாளரின் வெற்றியைத் தாமே அறிவித்தார். தோற்றவர் இவ்வாறு நடந்தமையால் நாட்டின் ஒழுங்கு காக்கப்பட்டது.

எண்ணியிருந்தால் யார் வென்றிருப்பார்? செய்தி நிறுவனங்கள் கூடி அந்த ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் சீட்டுகளையும் ஆய்வு செய்வித்து, 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டன. கோர் கேட்டபடி நான்கு மாவட்டங்களில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார்; மாநிலம் முழுவதும் ஒதுக்கப்பட்ட சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ணியிருந்தால் கோர் மிகச் சிறிய அளவில் வென்றிருக்கக்கூடும் என்று தெரிந்தது. தமக்குச் சாதகமான இடத்தை மட்டும் எண்ணச் சொன்னது அவருக்கே உதவவில்லை என்பது இதனால் பெறப்படும். 2001ஆம் ஆண்டிலேயே புளோரிடா துளை அட்டைகளை ஒழித்தது. 2002ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம், பட்டியலில் பெயர் காணாதவரும் தற்காலிகச் சீட்டில் வாக்களித்துப் பின்னர் தம் உரிமையை மெய்ப்பிக்க வழிசெய்தது.

அன்பர்களே! இது நமக்கு எங்ஙனம் பொருந்தும்? நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டு இராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், நாத்துவாரா தொகுதியில் நின்ற சி. பி. ஜோஷி ஒரே ஒரு வாக்கில் தோற்றார். ஆகவே ஒரு வாக்கின் மதிப்பைப் பற்றி இனி ஐயமில்லை. நாம் எண்ணிப் பார்க்கவேண்டியது, அவ்வாக்கு எங்கே இருக்கிறது என்பதையே.

நம்முள் பலருடைய பெயர் இங்கும் இல்லை, ஊரிலும் இல்லை. சிலர், பாட்டனார் கட்டிய வீடு ஊரில் இருப்பதால் தம் வாக்கும் அங்கேயே இருப்பதாக நம்பியிருக்கின்றனர். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்வது வேறு. ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியே அவருக்குரிய தொகுதி. ஓர் ஊரில் வீடு உடைமையாக இருப்பது ஒன்றே அங்கே குடியிருப்பதற்குச் சான்றாகாது. ஒருவர் பெயர் இரு தொகுதிகளில் இருத்தலும் கூடாது. தொலைவிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தின் மாதிரியொன்றைப் பற்றித் தேர்தல் ஆணையம் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் கட்சிகளுடன் கலந்து பேசியது உண்மையே. அது வரும்போது வரட்டும். அதற்காகக் காத்திருந்து தேர்தலுக்குப்பின் தேர்தலாக இழப்பது அறிவுடைமை ஆகாது.

எனவே சங்கத்தின் சார்பில் ஒரு வேண்டுகோள். வீடு மாறியவர்கள் 8ஆம் படிவத்தையும், புதிதாகச் சேர்பவர்கள் 6ஆம் படிவத்தையும் நிறைவு செய்து கொடுங்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன. பட்டியல் வெளியானதும் நம் பெயரையும் அண்டை வீட்டார் பெயரையும் பார்ப்போம். அண்டை வீட்டார் என்றது தமிழரை மட்டுமன்று. நமக்குத் தண்ணீரும் சாலையும் பள்ளியும் தரும் இந்த ஊர், அவர்களுக்கும் நமக்கும் பொதுவான ஊர்.

புளோரிடாவில் பெயரில்லையென்று திரும்பியவர்களுக்கு அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் நான்காண்டுகளுக்குப் பின்னரே வந்தது. அவர்கள் தம் குற்றமின்றி இழந்தனர். நாமோ சோம்பலால் இழக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் நாம் கூடும்போது, இக்குடியிருப்பில் பட்டியலில் பெயரில்லாத வீடு ஒன்றுமில்லை என்று செயலாளர் தம் அறிக்கையில் படிக்கும் நிலை வரவேண்டும் என வேண்டுகின்றோம்.