காணாததைக் காட்டிய கருவி

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



திரைப்படம் என்றதும் பாட்டும் கூத்துமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், அது தோன்றிய சில ஆண்டுகளிலேயே அறிவியலுக்கும் தொண்டாற்றத் தொடங்கிவிட்டது. அதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

1903-ஆம் ஆண்டில், மார்ட்டின் டங்கன் என்பவர் நுண்ணோக்கி வழியே எடுத்த படங்கள் இலண்டன் அல்ஹாம்பிரா அரங்கில் காட்டப்பெற்றன. பாலாடைக்கட்டியில் ஊர்ந்து திரியும் நுண்பூச்சிகளை மக்கள் திரையளவு பெரிதாகக் கண்டனர்.

பிரெஞ்சு மருத்துவர் ழான் கொமாந்தோன் இக்கலையை மருத்துவத்திற்குப் பயன்படுத்தினார். மேகநோய்க் கிருமியை அதனை ஒத்த பிற கிருமிகளினின்று பிரித்தறிய அதன் அசைவு துணைசெய்யும். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டிலோ கிருமி இறந்து கிடக்கும். உயிருடன் படமெடுக்க மிகுந்த ஒளி வேண்டும். அவ்வொளியின் வெப்பமே கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே, படம் பதியும் கணத்தில் மட்டும் ஒளி படுமாறு அவர் கருவியை அமைத்தார். 1909-இல் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் அப்படங்கள் வைக்கப்பெற்றன.

நம் நாட்டில், தாதாசாகேப் பால்கே 1912-இல் இலண்டன் சென்று படக்கருவி வாங்கி வந்தார். பொருளுதவி செய்வாரை நம்பச் செய்ய, தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, ஒரு மாதத்திற்கு மேல் இடைவிட்டு இடைவிட்டுப் படம் பிடித்தார். விதை முளைத்துச் செடியாகும் காட்சி, ஒரு நிமிடத்திற்குச் சற்று மிகுந்த படமாயிற்று. அதன் பின்னரே 1913-இல் ‘ராஜா அரிச்சந்திரா’ வெளிவந்தது. நுண்ணோக்கி சிறியதைப் பெரிதாக்கிற்று. பால்கேயின் பொறுமை நெடுங்காலத்தைச் சுருக்கிற்று.

அன்பர்களே, தீட்டு என்னும் சொல்லால் நம் முன்னோர் பட்ட துயரம் நீங்கள் அறியாததன்று. நோயைத் தருவது கிருமி. அது எவர் உணவிலும், எவர் குருதியிலும் புகும்; எவருடைய பிறப்பையும் கேட்பதில்லை. இதனை ஏட்டில் படிப்பது வேறு; தம் கண்ணாலேயே கண்ட பிள்ளையை எவரும் ஏமாற்ற இயலாது.

எனினும், பல பள்ளிகளில் நுண்ணோக்கி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றது. பிள்ளைகள் அதன் படத்தை வரைந்தே மதிப்பெண் பெறுகின்றனர். இவ்விழாவின் நினைவாக நம் மாலை வகுப்பிற்கு ஒரு நுண்ணோக்கி வாங்குவோமாக. பல்லடத்து விசைத்தறிகளில் நம் பெற்றோர் நாளும் தொடும் பஞ்சிழை, அதன் கீழ் முறுக்கிய நாடாவாய்த் தோன்றும். குளத்து நீர்த்துளியில் உயிர்கள் நீந்தும். கண் வைக்கும் வில்லையின் மேல் கைப்பேசியைப் பொருத்தினால், கொமாந்தோன் அரும்பாடுபட்டு எடுத்தது போன்ற படத்தை நம் பிள்ளைகளும் எடுப்பர். அவரை விதையை நட்டு, மணிக்கொரு படம் எடுத்துப் பால்கேயின் வழியிலும் செல்வர்.

கருவி பூட்டிய அலமாரியில் இருத்தல் ஆகாது; பிள்ளைகள் கையில் இருத்தல் வேண்டும் என வேண்டி அமைகின்றேன்.