எலும்பு முறியாமல் வாழும் உரிமை

(மைசூருவில் தமிழ்த் தோழர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மக்கள் கே.ஆர். மருத்துவமனை என்று அழைக்கும் மைசூரு கிருஷ்ணராஜேந்திரா மருத்துவமனை, 1924இல் தொடங்கப்பட்ட மைசூரு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மைசூரு நகரத்தார் மட்டுமின்றி, சுற்றியுள்ள மாவட்டங்களின் ஏழை மக்களும் நாடி வரும் இடம் அது. இத்தகைய அரசு மருத்துவமனைகளுக்கு முதுகுவலி, இடுப்புவலி என்று வரும் முதிய உழைப்பாளிகள் பலர். மூட்டை சுமந்ததன், கல் உடைத்ததன் விளைவு என்றே அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சிலருக்கு, புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியதே அந்த வலிக்குக் காரணம்.

இந்த நிலையை எட்டிய நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாது. “குணமாகாத நோய்க்கு ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. வசதி படைத்தோர் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவதில்லை. நோய் பரவிய பின்னரும் ஒருவர் பல ஆண்டுகள் வாழ முடியும். அந்த ஆண்டுகளைத் தம் கால்களில் நடந்து வாழ்வதா, எலும்பு முறிந்து படுக்கையில் கழிப்பதா என்பதே அவர் முன்னுள்ள பிரச்சினை. எலும்பைக் காக்கும் மருந்துகள் இன்று உள்ளன. அவை யாருக்கு, எப்போது, என்ன விலையில் கிடைக்கின்றன என்பது மருத்துவம் மட்டும் சார்ந்த கேள்வி அன்று; அரசியல் கேள்வியும் ஆகும்.

எலும்பு ஏன் வலுவிழக்கிறது?

உயிருள்ள எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து நீக்குகின்றன. வேறொருவகைச் செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. எலும்புக்குள் குடியேறும் புற்றுநோய் இந்தச் சமநிலையைக் குலைக்கிறது. புதிதாகக் கட்டப்படும் எலும்பும் ஒழுங்கற்றதாக, வலுவற்றதாக அமைகிறது.

நோய்க்கான சிகிச்சையும் எலும்பைப் பாதிக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய் ஆண் இயக்குநீரைச் சார்ந்து வளர்கிறது என்பதை 1941இல் சார்லஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். விரைகளை அகற்றும் அறுவை சிகிச்சை வாயிலாகவோ ஊசி வாயிலாகவோ அந்த இயக்குநீரைக் குறைப்பதே இன்றும் முதன்மையான சிகிச்சை. இந்தியாவில் ஏழை நோயாளிகள் பலருக்கு, ஒரே முறை செலவோடு முடியும் அறுவை சிகிச்சையே கைக்கெட்டுகிறது. எந்த வழியில் குறைத்தாலும், அந்த இயக்குநீர் குறைந்தால் எலும்பும் மெலிகிறது. அமெரிக்காவில் 50,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வின்படி, நோய் கண்டறியப்பட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களில் இச்சிகிச்சை பெற்றோரில் 19.4 விழுக்காட்டினருக்கு எலும்பு முறிந்தது. பெறாதோரில் அது 12.6 விழுக்காடு.

மருந்து செய்வதும் செய்யாததும்

நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள மருந்து ஜோலெட்ரோனிக் அமிலம். இது எலும்பில் படிந்து, எலும்பை அரிக்கும் செல்களை முடக்குகிறது. 4 மில்லிகிராம் மருந்து, குறைந்தது 15 நிமிடம் சிரை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுகிறது. இயக்குநீர்ச் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் எலும்புக்குப் பரவிய நோய் கொண்ட 643 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2002இல் வெளியானது. வெற்று மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 44 பேருக்கு எலும்பு முறிவு, தண்டுவட அழுத்தம், எலும்புக்குக் கதிர்வீச்சு தேவைப்படுதல் போன்ற இடர்கள் நேர்ந்தன. ஜோலெட்ரோனிக் அமிலம் பெற்றோரில் அது 33 ஆகக் குறைந்தது.

2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெனோசுமாப் புதிய மருந்து. தோலுக்கு அடியில் செலுத்தப்படுவது. 1,900க்கும் மேற்பட்டோரிடம் இரு மருந்துகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வெளிவந்தது. முதல் எலும்பு இடர் நேரும் வரையிலான இடைநிலைக் காலம் ஜோலெட்ரோனிக் அமிலத்துக்கு 17.1 மாதம், டெனோசுமாபுக்கு 20.7 மாதம். புதிய மருந்து சற்று மேலானது என்பது உண்மை. ஆனால் இரு பிரிவினரின் ஆயுட்காலத்தில் வேறுபாடு இல்லை. இரத்தத்தில் கால்சியம் குறையும் இடர் புதிய மருந்தில் ஏறத்தாழ இருமடங்கு.

யாருக்குத் தேவை என்பதும் தெளிவாக வேண்டும். நோய் இயக்குநீர்ச் சிகிச்சைக்குக் கட்டுப்பட்டிருக்கும்போதே ஜோலெட்ரோனிக் அமிலத்தைத் தொடங்குவதால் எலும்பு இடர்கள் தள்ளிப்போகவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் கட்டத்தில் எலும்பு மெலிந்திருந்தால் வேறு அளவில், நீண்ட இடைவெளியில் தரும் மருந்தே போதும். டெனோசுமாப் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம்; எலும்புக்குப் பரவிய நோய்க்கோ நான்கு வாரத்துக்கு ஒருமுறை 120 மில்லிகிராம். இந்த வேறுபாட்டை மறைத்து எல்லோருக்கும் மாதந்தோறும் விலையுயர்ந்த ஊசி எழுதுவது மருத்துவம் ஆகாது, அது வணிகம்.

பதின்மூன்று முறையா, நான்கு முறையா?

உழைக்கும் மக்களுக்கு மிக முக்கியமான ஆய்வு 2017இல் வெளியானது. மார்பகம், புராஸ்டேட், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் கொண்ட 1,822 பேரில் ஒரு பிரிவினருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், மறு பிரிவினருக்குப் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் ஜோலெட்ரோனிக் அமிலம் தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் எலும்பு இடர் நேர்ந்தோர் முறையே 29.5 விழுக்காடு, 28.6 விழுக்காடு. இடைவெளியை நீட்டியதால் இழப்பு எதுவும் இல்லை.

இதன் பொருள் என்ன? ஆண்டுக்குப் பதின்மூன்று முறை செல்ல வேண்டிய நோயாளி நான்கு முறை சென்றால் போதும். மைசூருவிலிருந்து 1973இல் நிறுவப்பட்ட பெங்களூரு கித்வாய் புற்றுநோய் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர். ஒவ்வொரு பயணத்திலும் நோயாளியின் பேருந்துக் கட்டணத்தோடு, துணைக்குச் செல்லும் மகனின் ஒருநாள் கூலியும் போகிறது. இந்த மருந்தை ஏற்றுவதற்குப் பெரிய புற்றுநோய் மையம் தேவையில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும், பயிற்சி பெற்ற செவிலியரும், ஒரு படுக்கையும் இருந்தால் தாலுகா மருத்துவமனையிலேயே ஏற்றலாம்.

டெனோசுமாபில் மற்றோர் இடர் உண்டு. அது எலும்பில் தங்குவதில்லை. நிறுத்தியதும் எலும்பு இழப்பு விரைந்து திரும்புகிறது. அடுத்த ஊசிக்குப் பணமில்லாத தொழிலாளியை அதில் தொடங்கிவிட்டுக் கைவிடுவது, தொடங்காமல் இருப்பதைவிடத் தீங்காக முடியலாம். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஜோலெட்ரோனிக் அமிலம் ஏற்றதன்று. அவருக்கு டெனோசுமாப் தேவைப்படலாம். அப்போது அதை இடைவெளியின்றி, கால்சியம் அளவைக் கண்காணித்துக்கொண்டே அரசு வழங்க வேண்டும்.

மலிவு எங்கிருந்து வந்தது?

ஜோலெட்ரோனிக் அமிலத்தை இந்திய நிறுவனங்கள் பல குறைந்த விலையில் தயாரிக்கின்றன. இது எந்த நிறுவனத்தின் கருணையாலும் நேர்ந்ததன்று. 1980களில் கண்டுபிடிக்கப்பட்ட அம்மருந்துக்கு இந்தியாவில் பொருள் காப்புரிமை பெற 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் இடமளிக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005இல் பொருள் காப்புரிமை மீண்டும் வந்தது. அப்போது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் வலியுறுத்திய திருத்தங்களால் பிரிவு 3(டி) போன்ற பாதுகாப்புகள் வலுப்பெற்றன. அப்பிரிவின் அடிப்படையிலேயே 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்டிஸ் நிறுவனத்தின் இரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கான என்சலுடமைடு மருந்தின் காப்புரிமை விண்ணப்பம், முன்கூட்டியே தாக்கலான ஆட்சேபங்களை ஏற்று 2016இல் நிராகரிக்கப்பட்டது.

ஆட்சேபிக்கும் அந்த உரிமையைத்தான் ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் திருத்திய விதிகளால் கடினமாக்கியிருக்கிறது. ஆட்சேபம் தெரிவிப்போர் கட்டணம் செலுத்த வேண்டும். காப்புரிமை பெற்ற மருந்து இந்தியாவில் எந்த அளவுக்குக் கிடைக்கிறது என்பதை ஆண்டுதோறும் அறிவித்துவந்த நிறுவனங்கள், இனி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தால் போதும். அதே மாதத்தில்தான் சுவிட்சர்லாந்தை உள்ளடக்கிய எஃப்டா நாடுகளுடன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த தலைமுறை மருந்துகளின் விலை இத்தகைய விதிகளிலும் ஒப்பந்தங்களிலும்தான் தீர்மானிக்கப்படுகிறது.

மருந்து மலிவாக இருப்பதும் போதாது. 1961இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐ.டி.பி.எல்.ஐ மூடுவதென 2016 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. 2025க்குள் பொதுச் சுகாதாரச் செலவை உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. 2021–22இல் அது 1.84 விழுக்காடு. அதே ஆண்டில் நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சொந்தப் பையிலிருந்து சென்றது. மாறாக, 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு இலவசமாக வழங்க முடியும் என்று காட்டியிருக்கிறது.

தோழர்கள் செய்ய வேண்டியவை

கோரிக்கைகள் தெளிவானவை. ஜோலெட்ரோனிக் அமிலம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவை மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். பன்னிரண்டு வார இடைவெளி அரசின் சிகிச்சை நெறிமுறையில் இடம்பெற வேண்டும். கர்நாடக அரசும் பங்கு வைத்துள்ள பெங்களூருவின் கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இம்மருந்துகளைத் தயாரிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

கிளைகள் இன்றே தொடங்கக்கூடிய பணிகளும் உள்ளன. எலும்பு மருந்து தொடங்குமுன் பல் பரிசோதனை கட்டாயம். பிடுங்க வேண்டிய பல்லை முன்னதாகவே பிடுங்கிக் காயம் ஆற வேண்டும். தொடங்கிய பின் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் இடர் உண்டு. புகையிலையால் பல் சிதைந்த பீடித் தொழிலாளியை அரசுப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது தோழர்களால் இயலும். மைசூரு வட்டாரத்தின் அன்றாட உணவான கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. நியாயவிலைக் கடைகளில் அது தடையின்றிக் கிடைக்கச் செய்வதும் எலும்பைக் காக்கும் பணியே. ஆயினும் மருத்துவர் தரும் கால்சியம் மாத்திரைக்கு அது மாற்று ஆகாது. இந்நோயாளிகளில் எவருக்கேனும் கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் நடக்கும் ஆற்றல் நிரந்தரமாக இழக்கப்படலாம்.

வாழ்நாள் முழுவதும் தம் எலும்பைத் தேய்த்து இந்நாட்டின் செல்வத்தைப் படைத்தவர்கள் உழைப்பாளிகள். கடைசி ஆண்டுகளில் அந்த எலும்பு முறியாமல் காக்கும் மருந்தை அவர்கள் சலுகையாகக் கேட்கவில்லை. அது அவர்களுக்குச் சமூகம் செலுத்த வேண்டிய கடன். அதை வசூலித்துத் தருவது இயக்கத்தின் கடமை.