ஜப்பானுக்குப் போகுமுன் துண்டை நினைப்போம்

(தோட்ட மாதர், இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் நம் தோட்டத்துத் தாய் ஒருவர் ஒரு பத்திரத்தோடு சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். மகனை ஜப்பானுக்கு வேலைக்கு அனுப்ப ஒருவர் பணம் கேட்கிறாராம். நகையை அடகு வைத்தாயிற்று. மீதியை வட்டிக்கு வாங்க வேண்டும். பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: பையன் பாதியில் வேலையை விட்டால் குடும்பம் தண்டப்பணம் கட்ட வேண்டும். "கையெழுத்து வைக்கலாமா, சேர்?" என்று கேட்டார்.

கடனால் ஆளைக் கட்டுவது நமக்குத் தெரிந்த கதை. நம் பூட்டன் காலத்தில் கங்காணி கொடுத்த முற்பணம் கணக்கில் ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள் அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். தோட்டம் மாறும், கடன் மாறாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டை ஒழித்தது.

ஜப்பானிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. பட்டு ஆலைகளுக்கும் பருத்தி ஆலைகளுக்கும் ஏழை விவசாயிகளின் பெண்பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் தகப்பன். முற்பணம் வாங்கியவரும் அவரே. உழைத்துக் கழித்தவள் மகள். 1911இல் தொழிற்சாலைச் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வர 1916 ஆகிவிட்டது.

யுத்தம் முடிந்தபின் 1947இல் வந்த தொழில் தராதரச் சட்டம் இந்தக் கட்டை அவிழ்க்கப் பார்த்தது. பிள்ளைகளே, நான்கு பிரிவுகளைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 3ஆம் பிரிவு: எந்த நாட்டவர் என்று பார்த்துச் சம்பளத்திலோ வேலை நிபந்தனையிலோ பாகுபாடு காட்டக் கூடாது. 5ஆம் பிரிவு: யாரையும் பலவந்தமாக வேலை வாங்கக் கூடாது. 16ஆம் பிரிவு: ஒப்பந்தத்தை மீறினால் இத்தனை தண்டம் என்று முதலாளி முன்கூட்டியே எழுதக் கூடாது. 17ஆம் பிரிவு: வேலை செய்து தீர்க்க வேண்டும் என்று கொடுத்த முற்பணத்தைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

1955இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு தகப்பன் கடன் வாங்கி, 16 வயது நிரம்பாத மகளை ஒரு உணவகத்தில் பணிப்பெண்ணாக விட்டிருந்தார். அவள் உழைத்துக் கடனைக் கழிக்க வேண்டும் என்பது பேச்சு. வேலை ஒப்பந்தம் செல்லாது, ஆனால் கடன் செல்லும் என்றது கீழ் நீதிமன்றம். இரண்டையும் பிரிக்க முடியாது, கடனும் செல்லாது, கொடுத்தவர் திருப்பிக் கேட்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

இவ்வளவு சொன்ன நாட்டில் 1993இல் 'தொழில்நுட்பப் பயிற்சி' என்ற பெயரில் இன்னொரு வாசல் திறந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள் என்றார்கள். வயலிலும் தொழிற்சாலையிலும் கட்டடத்திலும் வேலை வாங்கினார்கள். 2010 வரை முதல் வருடத்தில் அவர்களைத் தொழிலாளராகவே கணக்கெடுக்கவில்லை. அதனால் தொழில் சட்டம் அவர்களைக் காக்கவில்லை. அதன்பிறகும் தன் விருப்பப்படி முதலாளியை மாற்ற வழியில்லை. 2016இல் இயற்றிய சட்டம், பயிற்சியாளரின் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதையும் தண்டப்பணம் எழுதி வாங்குவதையும் குற்றமாக்கியது. 2024இல் இயற்றிய புதிய சட்டம் இத்திட்டத்தையே மாற்றுகிறது. 2027 ஏப்ரல் முதல், துறையைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு வருடம் வேலை செய்து, மொழி, திறன் பரீட்சைகளில் சித்தியடைந்தால், அதே துறையில் வேறு முதலாளியிடம் போகலாம்.

நல்லதுதான். ஆனால் 17ஆம் பிரிவு ஜப்பானிய முதலாளியைத்தான் கட்டுப்படுத்தும். நம் டவுனில் வட்டிக்குக் கொடுத்தவரை அது தொடாது. அங்கே சட்டம் கதவைத் திறந்தாலும், இங்கே வட்டி ஏறினால் பிள்ளை எப்படி வெளியே வருவான்? அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு அங்கேயே இருப்பான். துண்டு வேலை செய்ததும் இப்படித்தானே?

ஆகவே சங்கம் சொல்வது இது. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு சதத்துக்கும் ரசீது வாங்குங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். கடவுச்சீட்டு பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும். அங்கே தொழில் தராதரப் பரிசோதனை அலுவலகம் இருக்கிறது, வெளிநாட்டவரும் முறையிடலாம். முறையிட்டதற்காக வேலையை விட்டு நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. அங்குள்ள தொழிற்சங்கத்திலும் சேரலாம்.

அந்தத் தாய் கையெழுத்து வைக்கவில்லை. தண்டப்பண வரியை எடுக்கச் சொல்லிப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பினோம். இன்னும் பதில் இல்லை. மகன் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறான். அவன் போகட்டும், நாமும் வாழ்த்தி அனுப்புவோம். வட்டிக் கடன் இல்லாமல் போகட்டும்.