சிந்தாமணியும் 50 ரூபாய்ச் சம்பளமும்



பொழுது சாயுமுன் உணவை முடித்துக் குடும்பத்தார் கூடி அமரும் வேளையில், இன்று பல இல்லங்களில் ஒரு வழக்கு எழுகின்றது. விரும்பிய துறைக்காகக் கைவந்த வேலையை விட்டுவிடத் துடிக்கின்றான் மகன். வீட்டுக் கடனையும் தங்கையின் திருமணத்தையும் நினைவூட்டுகின்றார் தந்தை. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இவ்வழக்கிற்குச் சமணர் நன்கறிந்த ஒரு வரலாறே சான்றாக நிற்கின்றது.

1855-இல் பிறந்த உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையர் வறுமையை நூல்களிற் படித்து அறிந்தவர் அல்லர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். மகனும் இசையிற் சிறக்க வேண்டுமென விரும்பியவர். மகன் மனம் தமிழில் ஊன்றியதைக் கண்டு, ஆசிரியர் கிடைக்கும் ஊர்தோறும் குடும்பத்தையே பெயர்த்துச் சென்றார். இத்தகைய தந்தையரைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. மகனும் வீட்டை மறந்தவர் அல்லர். திருமணத்தால் ஏற்பட்ட கடனைத் தீர்க்கக் காரை என்னும் ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்து பொருள் ஈட்டினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்னும் பெருமை கடன்காரர் முன் செல்லாது என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

1880-இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவரது முயற்சியால் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவி 50 ரூபாய்ச் சம்பளத்தில் சாமிநாதையருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அதுவரை கற்ற நூல்களுக்கு முன்னே பெருநூல்கள் இருப்பதை முதலியார் உணர்த்த, சீவக சிந்தாமணி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது.

இங்கேதான் கவனிக்கவேண்டும். அவர் பதவியை விடவில்லை. பகலிற் கல்லூரிப் பாடம், எஞ்சிய பொழுதில் ஏட்டுச்சுவடி. திருத்தக்கதேவர் உரைத்த சமண சமயக் கருத்துகளும் குறியீடுகளும் சைவச் சூழலிற் பயின்ற அவருக்கு விளங்கவில்லை. ஆதலின் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியார் முதலானோர் ஐயங்களைத் தெளிவித்தனர். காப்பியத்தைப் பாராயண நூலாகப் போற்றி வந்த அக்குடும்பங்கள், வேற்றுச் சமயத்தவர் என்று கருதாது அவருக்கு வாயில் திறந்தன. அந்த உதவிக்கு விலை வைத்திருந்தால் 50 ரூபாய்ச் சம்பளக்காரர் என்ன செய்திருப்பார்!

அச்சிடும் காலம் வந்தபோது பொருட்கவலை மீண்டும் வந்தது. காகிதத்திற்கும் அச்சுக்கூலிக்கும் பணம் வேண்டும். சம்பளமோ குடும்பத்திற்கு உரியது. அக்கால வழக்கப்படி, நூலைப் பெற விரும்புவோரிடம் முன்னதாகக் கையொப்பம் வாங்கினார். வாக்களித்தோர் எல்லோரும் காலத்திற் பணம் அனுப்பிவிடுவதில்லை; தவணை தவறும் கையொப்பக்காரருக்கு நினைவூட்டுவதும் பதிப்பாசிரியர் பணிதான். ஏட்டைத் திருத்துவதைவிட அது கடினமாயிருந்திருக்கும். கல்லூரி விடுமுறைகளிற் சென்னைக்குச் சென்று அச்சுப் பணியைக் கவனித்தார். விடுமுறை முடிந்ததும் வகுப்புக்குத் திரும்பினார். ஏழாண்டு உழைப்பின்பின் 1887-இல் நூல் வெளிவந்தது. வேலையை உதறியிருந்தால் விரைவில் முடிந்திருக்கும் என்று சொல்வோர் உளர். வருவாயின்றிப் பாதியில் நின்றிருக்கவே வாய்ப்பு மிகுதி.

தாமதத்திற்கும் ஒரு விலை இருந்தது என்பதை மறைக்கலாகாது. ஓய்வு, உறக்கம், குடும்பத்தாரோடு கழிக்கும் பொழுது எல்லாம் அதிற் கரைந்தன. இல்லத்தார் அதைத் தாங்கினர். அவர்கள் தாங்கியதனாலேயே 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் தொடர்ந்தன. ஆசிரியப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றது 1919-இல்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் அவருக்குச் சொந்தமான இல்லத்திற்குப் பெயரிட வேண்டியிருந்தது. புகழ் தந்த நூல்கள் பல இருந்தன. தமக்கு அந்த 50 ரூபாய் வேலையைத் தேடித் தந்த தியாகராச செட்டியாரை நினைந்து, 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்தார்.