பாலையில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது

(மேலகரத்தில் நடைபெற்ற பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "பாலைவனத்தில் குதிரைகளோடு கூடாரம்". நம் சங்கத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வருகிற மார்கழியில் ஜெய்சல்மேர் பக்கம் போய், எட்டு நாள் குதிரைமேல் சுற்றி, ராத்திரி மணலிலே கூடாரம் அடித்துத் தங்கப் போகிறார்களாம். "அண்ணாச்சி மிலிட்டரியில குதிரையோடயே கிடந்தவங்க, நாலு வார்த்தை சொல்லட்டும்" என்று என்னை மேடை ஏற்றிவிட்டார்கள். இராணுவத்தின் ரிமவுண்ட் வெட்டர்னரி பிரிவில் இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆகவே பாலைவனத்தின் அழகைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அதை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்வீர்கள். குதிரையின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன்.

திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்தில், சாரல் விழுகிற ஊரில் நின்றுகொண்டு பாலைவனப் பேச்சு எதற்கு என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று நமக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, ஈரம் வற்றி, கிழக்கே வறண்ட காற்றாகப் போகிறது. திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே கிடக்கிறதே குதிரைமொழித் தேரி, அந்தச் செம்மணல் மேடுகளைக் குவித்ததில் இந்தத் தென்மேற்குக் காற்றுக்குப் பங்கு உண்டு என்பது நிலவியல் அறிஞர்களின் கருத்து. மணலின் சிவப்பு, அதில் படிந்திருக்கும் இரும்புத் துருவின் சிவப்பு. நம் ஊரில் குளிரக் குளிர வீசுகிற காற்று அங்கே போய்க் கண்ணில் மண்ணைத் தூவுகிறது! காற்று மட்டுமா? குற்றாலத் தண்ணீரும் அந்தத் திசைக்கே போகிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்கு அருகில் இருப்பது பழையகாயல். மார்க்கோ போலோ சொன்ன காயல் துறைமுகம் இதுதான் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார்.

அந்தக் காயலில் வந்து இறங்கியவை அரேபியக் குதிரைகள். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அவற்றைப் பெருமளவில் வாங்கினார்கள். ஹொர்முஸ், கிஷ், ஏடன், தோஃபார் என்று பாலைவனக் கரைகளிலிருந்தெல்லாம் கப்பல் வந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், கிஷ் தீவு வணிகர் தலைவரோடு ஆண்டுக்கு 1,400 குதிரை என்று ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரைக்கு விலை 220 தினார் என்றும், வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டியர் பணம் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். மாணிக்கவாசகரிடம் அரிமர்த்தன பாண்டியன் கருவூலத்தையே எடுத்துக் கொடுத்து, குதிரை வாங்கி வா என்று அனுப்பிய கதை நமக்குத் தெரியும். வந்த பரிகள் ராத்திரியோடு ராத்திரியாக நரிகளாகிவிட்டன. சாமி விளையாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். குதிரைக்குக் கொட்டிய பணம் கண்ணெதிரே காணாமல் போவது இந்த நாட்டுக்குப் பழகிய சங்கதிதான்.

மார்க்கோ போலோ 1290-களில் வந்தவர். ராஜா வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார். அவர் கணக்கில் கொஞ்சம் கடல்காற்றுக் கலந்திருக்கும். ஆனால் காரணம் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் நான் உட்கார்ந்துவிட்டேன். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்த ஆள் இங்கே இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதும் இல்லை, வரவிடுவதும் இல்லை. குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! தீனி என்று போட்டது வேகவைத்த சோறும் இறைச்சியும். வசாஃப் சொல்வது வேறு தீனி: வறுத்த தானியம், வெண்ணெய், காய்ச்சிய பால். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையில் கட்டிப்போட்டு, பிறகு பழக்காமலே அவிழ்த்து, பேய் மாதிரி ஓட்டினார்களாம்.

ஒரு குதிரை வைத்தியக்காரன் காதில் இது எப்படி விழும்? நன்றாகத் தின்னக் கொடுத்து, அசையாமல் கட்டிவைத்து, திடீரென்று ஓட்டினால் குதிரையின் பின்தொடைச் சதை கட்டை போல் இறுகிவிடும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த வண்டிக்குதிரைக்கு மறுநாள் வருவதால் வெள்ளைக்காரன் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பேர் வைத்தான். கொழுப்புத் தீனியினால் குளம்புக்குள் வீக்கம் கண்டு நிற்கமுடியாமல் போவது இன்னொன்று. இரண்டும் எங்கள் லைன்களில் பார்த்ததுதான். எழுநூறு வருஷத்துக்கு முந்திய சாவுக்கு நான் சான்றிதழ் எழுத முடியாது. ஆனால் அந்தத் தீனிப் பட்டியலைப் படித்தால் கை பேனாவைத் தேடுகிறது.

அதே குதிரை அதன் சொந்த ஊரில் எப்படிப் பிழைத்தது? பலரும் அரபிக்குதிரை ஒட்டகம் மாதிரி பாலைவனத்துப் பிராணி என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒட்டகம் குளிர்காலத்தில் பச்சை மேய்ந்தே பல நாள் தண்ணீரில்லாமல் தள்ளிவிடும். குதிரைக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் வேண்டும். நம்மைப் போல அதற்கும் உடம்பெல்லாம் வியர்க்கும், உப்பும் சேர்ந்து போகும். தண்ணீர் இல்லாத இடத்தில் பதூவின்கள் தங்கள் குதிரைக்கு ஒட்டகப் பாலைக் கறந்து கொடுத்தார்கள். ஒட்டகம் கூட நடந்ததால் குதிரை நடந்தது. பாலையில் குதிரை பிழைப்பது அதன் காலால் அல்ல, பக்கத்தில் நிற்கிற ஆளால்.

இப்போது பிள்ளைகளுக்கு வருகிறேன். ஓட்டமும் நடையுமாக ஒரு நாள் வேலை செய்த குதிரைக்கு, மார்கழியானாலும் 40 லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பன்னிரண்டு குதிரை, சயீஸ் குதிரை இரண்டு, ஆக 14. ஒரு நாளைக்கு 560 லிட்டர். எட்டு நாளைக்கு 4,480 லிட்டர். மனுஷர் குடிக்க, சமைக்க, முகம் கழுவ வேண்டியது இதில் சேரவில்லை. ராஜஸ்தான் கிராமங்களில் டாங்கா என்று தரைக்கடியில் மழைநீர்த் தொட்டி வைத்திருப்பார்கள். அது அந்த வீட்டாரின் உயிர். "கொஞ்சம் ஊத்துங்க" என்று பதினான்கு குதிரையோடு போய் நிற்கக் கூடாது. தண்ணீர் டிராக்டர் எந்த இடத்துக்கு எந்த நேரம் வரும் என்பதைப் பேசி முடித்த பிறகுதான் கூடாரத்துக்கு இடம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மணல்மேட்டின் அழகைப் பார்த்து இடம் பிடிக்கிறார்கள், டிராக்டர் பாதி வழியில் புதைந்து நிற்கிறது.

தண்ணீர் காட்டுவதில் என்ன பெரிய வித்தை என்பீர்கள். நம் பாஷையில் "குடுக்கிறது" என்று சொல்லாமல் "காட்டுறது" என்று சொன்னார்களே, விஷயம் தெரிந்தவர்கள். குதிரை புதுத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பொறுமையாகக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். தண்ணீர் முதலில், தானியம் பிறகு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றுக்குள் போன கோளாறு வயிற்றுக்குள்ளேயேதான் வளரும்.

அடுத்தது மணல். மணல் தரையில் தீனியைக் கொட்டினால் ஒவ்வொரு வாயோடும் மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் தங்கும். அதனால் தானியத்தைக் கொள்ளுப்பையில் போட்டு முகத்தில் மாட்ட வேண்டும், புல்லைத் தார்ப்பாயில் போட வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு பயண ஏற்பாட்டாளர் கூப்பிட்டு இரண்டு குளிர்காலம் அந்தப் பக்கம் முகாம்களுக்குப் போனேன். ஒரு முகாமில் மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு செவலைப் பெட்டை காலால் தரையைப் பறித்துக்கொண்டு, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அதன் சாணியை வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு விரல் கனத்துக்கு மணல் படிந்தது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு பாரஃபின் எண்ணெய் கொடுத்தோம். விடிய விடிய நானும் கிழட்டு சயீஸும் மாற்றி மாற்றி நடத்தினோம். படுக்க விடவில்லை. அவர் அதன் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ மார்வாடியில் பேசிக்கொண்டே நடந்தார். மார்வாரிக் குதிரையின் காது உள்பக்கம் வளைந்து நுனி நுனியைத் தொடும், பார்த்திருப்பீர்கள். விடிகாலையில் அந்தக் காது இரண்டும் தொங்கிவிட்டன. சூரியன் வருவதற்கு முன்னால் போய்விட்டது. வயது எட்டு. கொள்ளுப்பைகள் எங்கே என்று கேட்டபோது தெரிந்தது: விருந்தினர் உட்கார மடக்கு நாற்காலி ஏற்ற ஜீப்பில் இடம் போதவில்லை என்று, அந்த சீசன் ஆரம்பத்திலேயே பைகளை இறக்கிவிட்டிருந்தார்கள். விருந்தினர்களுக்கு விஷயம் சொல்லப்படவில்லை. காலையில் வேறு குதிரை சேணம் கட்டி வந்தது.

இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. போய் இறங்கியதும் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். சாப்பாட்டு மெனு கேட்பதற்கு முன் கொள்ளுப்பையைக் கேளுங்கள்.

பாரமும் முக்கியம். மார்வாரிக் குதிரை 350 முதல் 400 கிலோ இருக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பழைய கணக்கு. சேணமும் உட்பட 70, 80 கிலோ. முன்வரிசை நண்பர்கள் சிலர் தாங்களும் போகலாமா என்று காலையில் கேட்டார்கள். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ஜீப்பில் வரட்டும்! மற்றவர்களும் மணிக்குப் பத்து நிமிஷம் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்து நடக்க வேண்டும்.

ராத்திரி கட்டுவது: முன்கயிறு அகாடி, பின்னங்கால் கயிறு பிச்சாடி. நம் ஊர்க் கரிசலில் முளை அடித்தால் நிற்கும், மணலில் நிற்காது. சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டிக் குழிக்குள் புதைத்தால் யானை இழுத்தாலும் வராது. விடியற்காலைக் குளிருக்கு முதுகில் போர்வை வேண்டும். காலையில் குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும், கணுக்கால் மயிரில் ஒட்டின புல்முள்ளை எடுக்க வேண்டும். பூட்ஸை உதறாமல் போடாதீர்கள்; சுருட்டை விரியன் அங்கேயும் உண்டு. நிழலுக்கு நிற்கிற மரத்தை அவர்கள் கேஜ்ரி என்பார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், நம்முடைய வன்னிதான்.

தெற்கத்திக்காரனுக்கு இதெல்லாம் வருமா என்று ஒரு தம்பி கேட்டார். முதல் உலகப் போரில் மைசூர் லான்சர்கள் குதிரைகளோடு சினாய், பாலஸ்தீனம் என்று பாலையில் கிடந்தார்கள். 23.9.1918-இல் ஜோத்பூர் லான்சர்களும் அவர்களும் சேர்ந்து ஹைஃபாவைப் பிடித்தார்கள். தில்லி தீன்மூர்த்தி சிலைகளில் ஒன்று மைசூருக்கு, மற்றவை ஜோத்பூருக்கும் ஹைதராபாதுக்கும். ஈட்டியோடு பாய்ந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் சினாய் மணலில் ரயில் பாதை போட்டு, நைல் நதித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோய், குழாய் போகாத இடத்துக்கு ஒட்டகத்தின் மேல் தகரப் பீப்பாய் கட்டிச் சுமந்தார்கள். 31.10.1917-இல் பீர்செபா ஊரைப் பொழுது சாய்வதற்குள் பிடித்தே தீர வேண்டும் என்று ஆஸ்திரேலியக் குதிரைப்படையை ஏவியதற்குப் பெரிய காரணம் அங்கே இருந்த கிணறுகள். குதிரைகளில் பல அதற்கு முன் இரண்டு நாளாய்த் தண்ணீர் பார்க்காதவை.

ஆகவே பிள்ளைகளே, கார்த்திகை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நாம் எல்லோரும் குதிரைமொழித் தேரிக்குப் போவோம். அது காப்புக்காடு, வனத்துறை அனுமதியைச் செயலாளர் வாங்கிவிடுவார். குதிரை கிடையாது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அந்தச் செம்மணல் நடுவே ஒரு சுனை எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். பிறகு ஆளுக்கு மூன்று குடம் தண்ணீர், ஊரிலிருந்து கொண்டுபோனதைத்தான், மணலில் ஒரு கிலோமீட்டர் சுமக்க வேண்டும். அது உங்கள் குதிரையின் ஒரு நாள் தண்ணீர். மறுநாளும் சுமக்க வேண்டும். அதன் பிறகும் வருகிறேன் என்பவர் பெயரை மட்டும் ராஜஸ்தானுக்கு எழுதலாம். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னைப் பாருங்கள். இலை போட்டுவிட்டார்கள் என்று கை காட்டுகிறார்கள்.