ஈழத்துக் காசில் தமிழெழுத்து

(நெய்வேலித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலங்கைத் தீவின் காசு வரலாற்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். யான் பொருளியல் கற்றவன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். ஆதலின் காசின் மதிப்பைக் காட்டிலும் அதன் மேலுள்ள எழுத்தின்மீதே என் கண் செல்லும். எவன் அடித்தான், எம்மொழியில் பொறித்தான், அம்மொழிக்குரிய மக்கள் அந்நாட்டில் எந்நிலையில் இருந்தனர் என்னும் மூன்று வினாக்களோடுதான் எந்தக் காசையும் யான் கையில் எடுப்பது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். யாப்புக் கற்றவர்க்குக் 'காசு' என்றவுடன் கடைத்தெருவுக்கு முன்னே வெண்பாவின் ஈற்றுச்சீர் நினைவுக்கு வரும்: நாள், மலர், காசு, பிறப்பு. அத்துணைப் பழமையான இச்சொல் போர்த்துக்கீசியர் வாய்வழியே ஆங்கிலத்துட் புகுந்து, கீழைநாடுகளின் சிறுகாசுக்குப் பெயராயிற்று. சிங்களவர் இன்றும் காசைக் 'காசி' என்கின்றனர். பணத்தைச் 'சல்லி' என்கின்றனர். வாங்கலும் இல்லாமல் இல்லை. நாம் ஊர்ப்பேச்சென்று எண்ணிக்கொண்டிருக்கும் 'துட்டு', ஒல்லாந்தரின் செப்புக்காசுப் பெயராகிய 'டொயிட்' என்பதன் திரிபு. உருபா என்பது வடசொல் வழி வந்தது. ஈழத்தார் வழங்கும் 'சதம்' என்பதும் அவ்வாறே. நூறு என்னும் நம் சொல் இருந்த இடத்தில் அது அமர்ந்துகொண்டது.

இனி மண்ணுக்குள் கிடைத்தவற்றுக்கு வருவோம். நிலத்தைப் பல நூறடி தோண்டி நிலக்கரி எடுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு, அடுக்கடுக்காகப் படிந்ததைப் படிப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. ஈழத்தில் அடியடுக்கில் கிடைப்பவை முத்திரை குத்திய வெள்ளிக்காசுகள். அவை இந்தியப் பெருநிலம் முழுதும் வழங்கியவை. அதன்மேல் உரோமைக் காசுகள். பட்டினப்பாலை புகாரில் வந்திறங்கிய பொருள்களுள் ஈழத்து உணவையும் எண்ணுகிறது. பண்டம் வந்த வழியில் காசும் போயிருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. தென்னிலங்கையின் அக்குருகொடையில் பிராமி எழுத்துப் பொறித்த ஈயக்காசுகள் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை பிராகிருதம். சிலவற்றைத் தமிழ்ப்பெயர்கள் என ஐராவதம் மகாதேவன், பேராசிரியர் புட்பரட்ணம் முதலியோர் படித்துள்ளனர். இந்தச் 'சில' என்னும் சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். 'எல்லாம் தமிழே' என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் எதிரி அதை ஒரே காசால் உடைத்துவிடுவான்.

சோழர் கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' என்னும் பெயர் வழங்குகிறது. பின்னர் இராசராசன் ஈழத்தின் வடபால் ஆட்சியை நிறுவிய காலத்துச் செப்புக்காசு ஒன்று புகழ்பெற்றது. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அருகே மன்னன் பெயர். அதே அமைப்பைத்தான் பிற்காலத்தில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னரும் அப்படியே பின்பற்றினர். பராக்கிரமபாகுவின் காசும், நிசங்கமல்லன் காசும், இலீலாவதி அரசியின் காசும் சோழன் வார்ப்பில் வந்தவையே. இதைச் சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அக்காசில் இராசராசன் தன் பெயரைப் பொறித்தது தமிழெழுத்தில் அன்று, நாகரி எழுத்தில். தஞ்சைப் பெருங்கோயிற் சுவரெங்கும் தமிழை வெட்டுவித்த அவனே, கைக்குக் கை மாறும் காசில் வடவெழுத்தைப் பொறித்தான். சிங்கள மன்னரும் எழுத்து உட்பட அதைப் படியெடுத்தனர்.

ஈழத்தில் தமிழெழுத்துத் தனியரசின் காசில் ஏறியது யாழ்ப்பாண அரசர் காலத்தில். படுத்திருக்கும் காளை, மேலே பிறை, கீழே 'சேது' என்னும் இரண்டெழுத்து. அவ்வளவே. சேதுவைக் காப்போர் என்னும் பெருமையை அவ்வரசர் பூண்டிருந்தனர். 'இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள்' என்று சொன்னோரும் உண்டு. முதலியார் இராசநாயகம், ஞானப்பிரகாச அடிகளார் ஆகியோர் இவை யாழ்ப்பாணத்தவையே என நிறுவினர். இவை யாழ்ப்பாணத்தில் மிகுதியாகக் கிடைப்பதும், அவ்வரசரின் கொட்டகாமக் கல்வெட்டிலும் அதே 'சேது' காணப்படுவதும் வலுவான சான்றுகள். 1619-இல் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். சங்கிலி மன்னனைக் கோவைக்கு, நம் கோயம்புத்தூருக்கன்று, மேலைக்கடற்கரைக் கோவாவுக்குக் கொண்டுசென்று கொன்றனர். சேதுக்காசு அத்தோடு முடிந்தது. அதன்பின் ஈழத்தமிழன் கையில் புழங்கிய காசு எதுவும் அவன் அரசு அடித்ததன்று.

ஒல்லாந்தர் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திரிகோணமலை ஆகிய இடங்களில் செப்புக்காசு அடித்தனர். 1785-இல் கடன்தாள் வெளியிட்டனர். அக்காலத்தில் ஈழத்தில் செலாவணியாகிய பொற்காசுகளுள் ஒன்று, நம் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையின் பெயர் தாங்கிய வராகன். இங்கிருந்து ஒரு பகற்பொழுதில் போய் வரலாம். 1796-இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்கள் யானை பொறித்த காசு அடித்து, இரிக்சு டாலர் என்னும் கணக்கை வைத்திருந்து, 1825-இல் அதை விடுத்துத் தங்கள் பவுன் கணக்கைத் திணித்தனர்.

பவுன் அங்கு நிலைக்கவில்லை. அதை வீழ்த்தியவன் யார் என்பதை நீங்கள் கட்டாயம் அறிய வேண்டும்.

ஆங்கிலேயர் கண்டி மலைகளில் காப்பி என்னும் குளம்பியைப் பயிரிட்டனர். காடழிக்கவும் கொட்டை பறிக்கவும் நம் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து ஏழைத்தமிழர் கடல் தாண்டி, மன்னார்க் காட்டுவழியே கால்நடையாகச் சென்றனர். வழியிலேயே மாண்டவர் பலர். பறிப்புக் காலம் முடிந்ததும் ஊர் திரும்பும் அவர்களுக்கு வெள்ளைக்காரனின் சில்லிங்கு எதற்கு? ஊரில் செல்லுபடியாகும் வெள்ளி உருபாவே அவர்களுக்கு வேண்டும். அவர்கள் உண்ணும் அரிசியும் இந்தியாவிலிருந்தே வந்தது. அதற்கும் உருபாவே கொடுக்க வேண்டும். 1836-இல் இந்திய உருபாவை இரண்டு சில்லிங்காக ஏற்று அறிவித்தனர். 1869-இல் அது வரம்பில்லாச் செலாவணியாயிற்று. 1872 சனவரி முதல் நாளிலிருந்து, நூறு சதங்கொண்ட உருபாவே அந்நாட்டின் ஒரே பணம். இந்தியாவில் உருபா நூறாகப் பகுக்கப்பட்டது 1957-இல்தான். இலங்கையின் உருபா கோட்டையிலிருந்து பிறக்கவில்லை. கூலித்தமிழனின் இடுப்புமுடிச்சிலிருந்து பிறந்தது.

அப்போது அடித்த செப்புச் சதங்களில் ஒருபுறம் விக்டோரியா அரசி, மறுபுறம் பனையினத்து மரம். அம்மரத்தை அடுத்துச் சிங்களமும் தமிழும் இடம்பெற்றன. 1884-இல் ஓரியண்டல் வைப்பகம் முறிந்தது. ஆளுநர் கார்டன் அதன் தாள்களுக்கு அரசே பொறுப்பென்று அறிவித்தார். 1885 முதல் அரசு தானே பணத்தாள் வெளியிட்டது. தோட்டத்தமிழனுக்குத் தெரிந்த தாள் வேறு. அதன் பெயர் 'துண்டு'. கங்காணியிடம் அவன் பட்ட கடனைக் காட்டும் சீட்டு அது. அக்கடனைக் கட்டும் துரையிடம் ஆளை மாற்றிவிடலாம். நம் சொல் ஆங்கிலேயர் ஆவணங்களில் ஏறியதற்கு மகிழ இயலாத இடம் இது. 1921-இல்தான் அது ஒழிந்தது.

1948-இல் விடுதலை வந்தது. அவ்வாண்டே குடியுரிமைச் சட்டமும் வந்தது. உருபாவைக் கொணர்ந்தவனின் பெயரன் நாடற்றவன் ஆனான். 1964-இல் சிறிமாவோ, சாத்திரி இருவரும் செய்த உடன்படிக்கையில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினர். பண்டம் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்ட கணக்கு அது.

நடுவண் வைப்பகம் 1950-இல் தொடங்கியது. 1956-இல், இந்நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தோன்றிய அதே ஆண்டில், சிங்களமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. வியப்பென்னவெனில், காசிலிருந்து தமிழை அவர்கள் நீக்கவில்லை. 1963-இல் அரசியின் தலையை எடுத்துவிட்டு நாட்டிலச்சினை பொறித்தபோதும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தன. இந்தியாவின் பொதுக்காசில் இந்தியும் ஆங்கிலமுமே உள்ளன. பணத்தாளின் பட்டியலில் தமிழுக்கு ஒரு வரி. காசில் அதுவும் இல்லை. 1995-இல் தஞ்சை உலகத்தமிழ் மாநாட்டுக்காக வெளியிட்ட வள்ளுவர் காசில்கூட இந்தியும் ஆங்கிலமுமே! 2009-இல் அண்ணா நூற்றாண்டுக் காசில் அவர்தம் தமிழ்க் கையொப்பம் ஏறியது. 2024-இல் கலைஞர் நூற்றாண்டுக் காசில் 'தமிழ் வெல்லும்' என்று வந்தது. இவை நினைவுக்காசுகள்.

அப்படியாயின் சிங்கள அரசு நம்மைவிடத் தமிழுக்கு நல்லதா என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். காசில் தமிழ் இருந்த அந்நாட்டில்தான் அலுவலகத்துக்குச் சென்ற தமிழன் தனக்கு விளங்காத சிங்கள மடலோடு திரும்பினான். 1987-இல் அரசியலமைப்பைத் திருத்தித் தமிழும் ஆட்சிமொழி என்று எழுதும்வரை முப்பதாண்டுகள் அந்நிலை. எழுத்தைக் காசில் நிறுத்துவது எளிது. செலவு அச்சுக்கூலி மட்டுமே.

ஆயினும் எழுத்துக்காகப் போராடுவது வீண் என்றும் யான் சொல்லேன். மொரீசியசுத் தீவில் 1998-இல் புதுப்பணத்தாள் வந்தபோது, வழக்கமாக இந்திக்கு முன்னிருந்த தமிழைப் பின்னுக்குத் தள்ளியிருந்தனர். அங்குள்ள தமிழர் சிறுதொகையினர்; பலர் வீட்டில் தமிழ் பேசும் வழக்கமும் இழந்தவர். அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று, தமிழைப் பழைய இடத்தில் வைத்து மீண்டும் அச்சிட்டது. அங்கே தமிழர்க்கு வாக்குரிமை இருந்தது, அதை மறவாதீர்கள்.

ஈழத்துக்கு மீள்வோம். 1994-இல் தோன்றிய தமிழீழ வைப்பகத்திலும் எண்ணப்பட்டது இலங்கை உருபாவே. 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் ஆயிரம் உருபாத் தாள் வெளிவந்தது. முன்புறம் இரு கைகளையும் உயர்த்திய குடியரசுத் தலைவர் மகிந்த இராசபக்சே. பின்புறம் கொடி நாட்டும் படைவீரர். அத்தாளிலும் தமிழ் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, முகாமிலிருந்து வந்து அரிசி வாங்க அத்தாளைத்தான் நீட்ட வேண்டும்; அதன் மதிப்பைத் தன் தாய்மொழியில் படித்து நீட்ட வேண்டும்.

2022-இல் அவ்வுருபாவும் சரிந்தது. டாலருக்கு இருநூறாகக் கட்டி வைத்திருந்ததை மார்ச்சில் தளர்த்தினர். இரண்டு திங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டது. ஏப்பிரலில் அயற்கடன் செலுத்த இயலாதென்று அறிவித்தனர். அந்நாள்களில் பால்மாவும் அரிசியும் வாங்க வழியின்றித் தமிழ்க்குடும்பங்கள் படகேறித் தனுக்கோடி மணல்திட்டில் இறங்கின. யாழ்ப்பாண அரசர் காசில் பொறித்த சேது அதுதான்.

மேசைமேல் சில காசுகளை வைத்துள்ளேன். சேதுக்காசு ஒன்று, ஒல்லாந்தர் துட்டு இரண்டு, பனைமரச் சதம் ஐந்தாறு. பிள்ளைகள் முன்னே வரட்டும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டன் காலத்துச் செப்புக்காசு கிடக்கலாம். அதைப் புளியிட்டுத் தேய்க்க வேண்டா, எழுத்துப் போய்விடும். பழைய செம்புக்கு எடைபோடுவோரிடமும் கொடுக்க வேண்டா. என்னிடம் காட்டுங்கள், படித்துச் சொல்லித் திருப்பித் தருகிறேன்.